கல்லறையிலிருந்து நீளும் இரண்டு கைகள்

திங்கள்: கேப்பிட்டோலைன் குன்று

ரோம் நகரில், மைக்கலாஞ்சலோ வரைந்து கொடுத்த சரிவுப் படிக்கட்டு. குதிரையே ஏறிவிடும்படி படிகளைத் தாழ்வாகவும் அகலமாகவும் போட்டிருக்கிறார்கள், ஆகவே முட்டிவலிக்காரர்கள் பயப்பட வேண்டாம். மேலே சதுக்கத்தின் நடுவில் குதிரைமேல் அமர்ந்திருக்கும் பேரரசர் மார்க்கஸ் அவுரேலியஸ் நகல். அசல் வெண்கலம் பக்கத்து அருங்காட்சியகத்துக்குள் கூரைக்கடியில் பத்திரமாக இருக்கிறது. தம்பி நகலோடு ஒரு படம், அசலோடு ஒரு படம் எடுத்துக்கொண்டான்.

நாங்கள் வந்தது சிலைகளுக்காக இல்லை. நேராக இரண்டாம் மாடி, ஓவியக்கூடம். அங்கே ஓர் அறைக்கே "புனித பெத்ரோனில்லா கூடம்" என்று பெயர். காரணம் அந்த அறைச் சுவரை அடைத்துக்கொண்டு நிற்கும் ஒரே ஓவியம்: இத்தாலிய ஓவியர் குவெர்ச்சீனோ தீட்டிய "புனித பெத்ரோனில்லாவின் அடக்கம்". உயரம் 7.20 மீட்டர், அகலம் 4.23 மீட்டர். 1621 முதல் 1623 வரையிலான காலத்து வேலை. வரைந்து முடித்தபோது அவருக்குச் சுமார் 32 வயதுதான்.

இதே கூடத்தில்தான் புகழ்பெற்ற ஓவியர் காரவாஜ்ஜோவின் ஸ்நாபக அருளப்பரும், குறி சொல்லும் ஜிப்சிப் பெண்ணும் இருக்கிறார்கள். அதனால் என்ன நடக்கிறது என்றால், கூட்டம் உள்ளே நுழைந்ததும் காரவாஜ்ஜோவை மொய்த்துக்கொள்கிறது. பெத்ரோனில்லாவுக்குத் தங்கள் முதுகைக் காட்டியபடி செல்ஃபி எடுக்கிறார்கள். நமக்கு வசதிதான். எதிரே போட்டிருந்த இருக்கையில் உட்கார்ந்து வேண்டிய மட்டும் பார்க்க முடிந்தது.

ஓவியம் இரண்டு தளமாக இருக்கிறது. மேல்பாதியில் மேகங்களின் மேல் கிறிஸ்து. அவர் முன்னால் நல்ல உடை உடுத்தி மண்டியிட்டிருக்கிறாள் பெத்ரோனில்லா. முடிசூட்ட மலர்வளையத்தோடு குட்டி வானதூதன் ஒருவன் வருகிறான். கீழ்ப்பாதியில் அதே பெண் பிணமாகக் கிடக்கிறாள். தலையில் பூமாலை. வாட்டசாட்டமான ஆட்கள் அந்த உடலைப் பிடித்திருக்கிறார்கள். சுற்றிலும் ஊர்ச்சனம், அழுகிற பெண், மெழுகுவர்த்தி பிடித்த ஒரு பையன். கொஞ்சம் தள்ளி, ஓவியர் காலத்து நாகரிக உடையில் ஓர் இளைஞன். அவன்தான் பிளாக்குஸ், மாப்பிள்ளையாக வந்தவன். அவன் கதையைக் கீழே சொல்கிறேன்.

ஓவியத்தின் விளிம்புக்கு வாருங்கள். குழிக்குள் ஒருவன் நிற்கிறான். அவன் முகம் தெரியாது, உடம்பு தெரியாது. இரண்டு கைகள் மட்டும் இருட்டிலிருந்து மேலே நீண்டு உடலைத் தாங்குகின்றன. ஆளுயரத்தைவிடப் பெரிய உருவங்கள் இத்தனை இருக்கும் படத்தில், பார்வை திரும்பத் திரும்ப அந்தக் கைகளுக்கே போய்விடுகிறது.

தம்பி கட்டடப் பொறியாளன். ஓவியத்தில் அவனுக்கு ஆர்வமில்லை, பாரம் தூக்குவதில் உண்டு. பத்து நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"அக்கா, இவங்க உடம்பை உள்ள இறக்குறாங்களா, வெளிய எடுக்குறாங்களா?"

"அடக்கம்னுதானே பேரு போட்டிருக்கு. இறக்குறாங்க."

"பேரை விடு. இந்த நிலையை மட்டும் பாரு. ஏத்துனாலும் இறக்குனாலும் ஆளுங்க இப்படித்தான் நிப்பாங்க. வீடியோவா இருந்தா சொல்லலாம், போட்டோவுல சொல்ல முடியாது."

அவன் கேட்டதைச் சாதாரணக் கேள்வி என்று தள்ளிவிட முடியாது. ஜெர்மானியக் கவிஞர் கதே 1786 நவம்பரில் ரோமில் இதே ஓவியத்தைப் பார்த்தார். அப்போது இது குயிரினால் மாளிகையில் இருந்தது. அவர் கண்ணுக்கு உடல் கல்லறையிலிருந்து வெளியே எடுக்கப்படுவதாகத்தான் பட்டது. ஒரே படத்தில் இரண்டு நிகழ்ச்சிகள் இருப்பதைப் பற்றி யார் என்ன குறை சொன்னாலும் படம் விலைமதிப்பற்றது என்றும் எழுதி வைத்தார். தம்பியிடம் இதைச் சொன்னதும் அன்று முழுக்க அவனைப் பிடிக்க முடியவில்லை.

இனி கதை. இயேசுவின் சீடர் பேதுருவுக்கு, அதாவது பழைய கத்தோலிக்கர் இராயப்பர் என்று சொல்பவருக்கு, ஒரு மகள் இருந்தாளாம். பேரழகி. மகளுக்கு அழகே ஆபத்து என்று அப்பா நினைத்தார். அவள் நோயில் படுத்தே கிடந்தாள். ஊரிலுள்ள நோயாளிகளையெல்லாம் எழுப்பி நடக்க வைக்கும் அப்பா, மகளை மட்டும் குணமாக்கவில்லை. சீடர் தீத்து ஏன் என்று கேட்டார். "அவளுக்கு அதுதான் நல்லது" என்றார் பேதுரு. முடியாமல் இல்லை என்று காட்ட, மகளை எழுந்து வந்து பந்தி பரிமாறச் சொன்னார். எழுந்தாள், பரிமாறினாள். மறுபடி போய்ப் படு என்றார். போய்ப் படுத்தாள்.

படிக்கவே கோபம் வருகிற கதை. எனக்கு இதைப் புனிதம் என்று பூசி மெழுக விருப்பமில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நற்செய்தியில் பேதுருவின் மாமியார் காய்ச்சலில் கிடக்கிறார், இயேசு கையைப் பிடித்துத் தூக்குகிறார், காய்ச்சல் நீங்கியதும் அவர் எழுந்து பணிவிடை செய்கிறார். அந்தக் கதையைத் தலைகீழாகத் திருப்பினால் பெத்ரோனில்லா கதை கிடைக்கிறது. மாமியார் எழுந்தார், அத்தோடு கதை முடிந்தது. மகள் எழுந்து, வேலை செய்து, மறுபடி கட்டிலுக்கே திரும்புகிறாள்.

பிற்பாடு அவள் குணமானாள். பிளாக்குஸ் என்ற செல்வந்தன் படை பட்டாளத்தோடு பெண் கேட்டு வந்தான். மறுத்தால் என்ன ஆகும் என்று தெரியும். மூன்று நாள் தவணை கேட்டாள். அந்த மூன்று நாளும் உபவாசம், செபம். மூன்றாம் நாள் நிக்கொமேதுஸ் என்ற குரு கையால் நற்கருணை வாங்கினாள், உயிர் பிரிந்தது. கல்யாணத்துக்கு வந்தவர்கள் அடக்கத்துக்கு நின்றார்கள். குவெர்ச்சீனோ பிடித்திருப்பது இந்த இடத்தை.

செவ்வாய்: புனித பேதுரு பசிலிக்கா

ஓவியம் எந்த இடத்துக்காக வரையப்பட்டதோ அந்த இடத்தைப் பார்க்க வேண்டும். அதற்குக் காலை ஏழரைக்கே வரிசையில் நின்றோம். பாதுகாப்புச் சோதனை தாண்டி உள்ளே போக அரை மணி. பத்து மணிக்கு மேல் வருபவர்கள் நிலைமையைச் சொல்லி மாளாது.

நுழைந்ததும் வலப்பக்கம் முதல் சிற்றாலயத்தில் கண்ணாடிக்குப் பின்னால் மைக்கலாஞ்சலோவின் பியெத்தா, இறந்த இயேசுவை மடியில் ஏந்திய மரியாள் சிலை. எல்லோரும் அங்கே நிற்பார்கள், நாங்களும் நின்றோம். ஆனால் பெத்ரோனில்லாவைத் தேடி வந்தவர்களுக்கு இந்தச் சிலையில் தனிச் சங்கதி ஒன்று இருக்கிறது. இது இந்தக் கோவிலுக்காகச் செதுக்கியதே இல்லை. பழைய பேதுரு கோவிலை ஒட்டி வட்ட வடிவில் ஒரு சிற்றாலயம் இருந்தது. அதன் பெயர் புனித பெத்ரோனில்லா. பிரெஞ்சுக் கர்தினால் ஒருவர் தன் கல்லறைக்காக 1498இல் ஒப்பந்தம் போட்டு இந்தச் சிலையைச் செய்யச் சொன்னது அந்தச் சிற்றாலயத்துக்குத்தான்.

பிரெஞ்சுக்காரர்களுக்கும் பெத்ரோனில்லாவுக்கும் என்ன? 8ஆம் நூற்றாண்டில் இன்றைய பிரான்ஸ் பக்கத்தை ஆண்ட பிராங்கு அரசன் பெப்பின் திருத்தந்தைக்கு, அதாவது போப்புக்கு, அரசியலில் கைகொடுத்தான். அவன் பேதுருவின் வளர்ப்பு மகன் என்று ஆனது. பேதுருவின் மகள் அப்போது அவனுக்கு அக்கா முறை. 757இல் திருத்தந்தை முதலாம் பவுல் அவள் எலும்புகளை ஊருக்கு வெளியே இருந்த நிலத்தடிக் கல்லறையிலிருந்து எடுத்து வந்து, பேதுரு கோவில் பக்கத்திலேயே வைத்தார். அன்றிலிருந்து பிரெஞ்சு அரசர்களின் பாதுகாவலி அவள். இன்றைக்கும் மே 31, அவள் திருநாளில், பிரான்ஸ் நாட்டுக்காக இங்கே திருப்பலி நடக்கிறது. முறை சொல்லி உறவு கொண்டாடுவதில் ஐரோப்பிய அரசர்கள் நம் பக்கத்துச் சொந்தக்காரர்களுக்குக் கொஞ்சமும் இளைத்தவர்கள் இல்லை.

புதிய பசிலிக்கா கட்டும்போது அந்த வட்டச் சிற்றாலயத்தை இடித்துவிட்டார்கள். எலும்புகள் 1606இல் புதிய கோவிலின் மூலையிலுள்ள பீடத்துக்குப் போயின. அந்தப் பீடத்துக்குப் பெரிய படம் வேண்டுமே. வட இத்தாலியின் போலோஞ்ஞா நகரத்துக்காரரான கர்தினால் லுதோவீசி 1621இல் 15ஆம் கிரகோரி என்ற பெயரில் திருத்தந்தை ஆனதும், தன் பக்கத்து ஊர்ப் பையன் குவெர்ச்சீனோவை ரோமுக்கு அழைத்தார். வேலை கிடைத்தது.

பீடத்தைக் கண்டுபிடிப்பது எளிது. வலப்பக்கமே நடந்து, குவிமாடத்தைத் தாண்டி, சிற்பி கனோவா செதுக்கிய, திருத்தந்தை 13ஆம் கிளமெந்தின் கல்லறைச் சின்னத்தில் இரண்டு சிங்கங்கள் படுத்திருக்கும். அதைக் கடந்தால் மூலை. அங்கே பீடத்துக்கு மேலே பெத்ரோனில்லா.

ஆனால் இது வர்ணம் இல்லை, மொசைக். 1728 முதல் 1730 வரை பியெத்ரோ பாவ்லோ கிறிஸ்தோஃபாரி செய்த நகல். கோவிலின் ஈரப்பதம் கித்தான் ஓவியங்களை அரித்துக்கொண்டிருந்தது. ஆகவே ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுக் கண்ணாடிச் சில்லுகளில் அதே அளவுக்கு நகல் செய்து பதித்தார்கள். இன்றைக்குப் பேதுரு பசிலிக்காவில் பீடத்துக்கு மேல் "ஓவியம்" என்று நாம் பார்ப்பதெல்லாம் ஏறக்குறைய முழுக்க மொசைக்தான். பக்கத்திலேயே இருந்தும் எனக்கு நம்ப முடியவில்லை. சில்லுகளின் இடைவெளியை நிரப்பித் தேய்த்து வழவழவென்று ஆக்கியிருக்கிறார்கள். பக்கவாட்டில் நின்று, வெளிச்சம் அதன்மேல் வழுக்கும்போதுதான் கண்ணாடி என்று தெரிகிறது.

கைவேலையாக அபாரம். ஆனால் குவெர்ச்சீனோவின் நிழல்கள் இதில் செத்துவிட்டன. அசலில் இருட்டு ஆழமானது, அதற்குள்ளிருந்து தோலும் துணியும் கிளம்பி வரும். இதில் எல்லாம் ஒரே தளத்தில் மினுங்குகிறது. நேற்று அசலைப் பார்த்துவிட்டு வந்ததால் ஒரு நிமிடம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

அப்புறம் பீடத்தைப் பார்த்தேன். அப்போதுதான் விஷயமே பிடிபட்டது. படத்தின் அடிவிளிம்பு பீடத்துக்கு நேர் மேலே முடிகிறது. பீடத்துக்குள் இருப்பது அவள் எலும்புகள். ஆக, கைகள் வரும் குழி வேறெங்கோ இருக்கும் கற்பனைக் குழி இல்லை. பீடமேதான் அந்தக் குழி. திருப்பலி செய்யும் குருவின் தலைக்கு மேலே ஓர் உடல் இறங்கி, அவர் கைவைத்திருக்கும் அந்தக் கல்லுக்குள்ளேயே போகிறது. முகமில்லாத அந்த ஆள் கோவிலுக்கு உள்ளே, தரைக்கு அடியில் நிற்கிறான். கேப்பிட்டோலைன் கூடத்தில் அந்தக் கைகள் வெறும் சட்டத்திலிருந்து நீண்டன. அங்கே அவற்றுக்குக் கீழே ஒன்றுமில்லை.

"இறக்குறாங்க, ஒத்துக்கறேன்" என்றான் தம்பி. "ஆனா கதே இங்க பாக்காம அரண்மனையில பாத்தாருல்ல, அவரு மேல தப்பில்ல."

நல்ல வக்கீல். கதே வந்தபோது அசல் இங்கிருந்து போய் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. பீடமில்லாமல் அந்தப் படத்தைப் பார்த்தால் யாருக்கும் குழப்பம் வரும்.

அசலின் அலைச்சல் அத்தோடு நிற்கவில்லை. 1797இல் நெப்போலியன் ஆட்கள் அள்ளிக்கொண்டு போன கலைச் செல்வங்களில் இதுவும் பாரிசுக்குப் போனது. 7 மீட்டர் கித்தானை ஆல்ப்ஸ் மலைக்கு அப்பால் கொண்டுபோவது என்றால் சும்மாவா? நெப்போலியன் விழுந்ததும், 1815இல் திருத்தந்தையின் சார்பில் பாரிசுக்குப் போய்ப் பேசி ஓவியங்களை மீட்டுத் தந்தவர் சிற்பி கனோவா. மேலே சொன்ன சிங்கங்களைச் செதுக்கியவர். அசல் திரும்பி வந்தும் பழைய பீடத்துக்குப் போக வழியில்லை, அங்கே நகல் நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டது. 1818இல் கேப்பிட்டோலைனுக்குப் போய்ச் சேர்ந்தது.

புதன்: சும்மா சுற்றிய நாள்

புதன்கிழமை திருத்தந்தையின் பொதுச் சந்திப்பு, வத்திக்கான் பக்கம் போகவே கூடாது. துணி துவைத்தோம், தூங்கினோம். மதியம் திரஸ்தேவெரே பகுதியில் புனித கிறிசோகோனோ கோவில். கூரையின் நடுவில் குவெர்ச்சீனோவின் படம் ஒன்று உண்டு, கிறிசோகோனோ விண்ணகம் போவது. அதுவும் நகல்! அசல் 19ஆம் நூற்றாண்டிலேயே விலைபோய், லண்டனில் லங்காஸ்டர் மாளிகைக் கூரையில் ஒட்டியிருக்கிறது.

இவருடைய ரோம் வேலைகளில் உச்சம் என்று சொல்லப்படுவது லுதோவீசி மாளிகைக் கூரையில் தீட்டிய விடியல் தேவதை. அது தனியார் வீடு, 2022இல் ஏலத்துக்கு வந்தது. மதிப்பு 47.1 கோடி யூரோ என்றார்கள், கேட்க ஆள் வரவில்லை. தெருவில் நின்று மதிலைப் பார்த்துவிட்டு வந்தோம். மதிலுக்குக் கட்டணமில்லை.

வியாழன்: தொமித்தில்லா நிலத்தடிக் கல்லறை

ரோமின் பெரிய ரயில் நிலையமான தெர்மினியிலிருந்து 714ஆம் எண் பேருந்து. இறங்கி, ஏழு கோவில் சாலை என்ற பெயருடைய தெருவில் நடை. செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், அதனால்தான் இன்று வந்தோம். தனியாக உள்ளே விட மாட்டார்கள், வழிகாட்டியோடு குழுவாகத்தான் போக வேண்டும். படம் எடுக்கக் கூடாது. வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் மேலே ஒரு சட்டையோ சால்வையோ கொண்டுபோங்கள், உள்ளே குளிரும்.

பேரரசர் தொமித்தியானின் உறவுக்காரப் பெண் பிளாவியா தொமித்தில்லாவின் நிலம் இது. சுரங்கப் பாதைகள் மொத்தம் 17 கிலோமீட்டர், நான்கு அடுக்கு. நாம் பார்ப்பது அதில் ஒரு துளி. இரண்டு பக்கமும் சுவரில் அலமாரித் தட்டுப் போல வெட்டிய குழிகள். குழந்தைகளுக்கு வெட்டிய சிறிய குழிகளின் முன்னால் எங்கள் குழு சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டது. எரிமலைச் சாம்பல் இறுகிய பாறை என்பதால் வெட்டுவது சுலபம், காற்றுப் பட்டதும் கெட்டிப்படும் என்று தம்பி எனக்குத் தனியாகப் பாடம் எடுத்தான். வழிகாட்டியும் சற்று நேரத்தில் அதையே சொன்னார். அவனுக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம்.

முதலில் இறங்குவது சுரங்கத்துக்கு இல்லை, ஒரு கோவிலுக்கு. பாதி தரைக்கு அடியில் புதைந்த பசிலிக்கா, நெரேயுஸ், அக்கிலேயுஸ் என்ற இரண்டு மறைசாட்சிகளின், அதாவது நம்பிக்கைக்காக உயிர்விட்டவர்களின், கல்லறைமேல் 4ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது. இடிந்து மண்மூடிக் கிடந்ததை 1874இல் தொல்லியலாளர் தெ ரோஸ்ஸி தோண்டி எடுத்தார். இங்கே ஒரு தூணில் சின்னச் சிற்பம் ஒன்று இருக்கிறது: கைகள் கட்டப்பட்ட ஒருவன், பின்னால் வாளோடு படைவீரன், மேலே அக்கிலேயுஸ் என்று பெயர். கிறிஸ்தவ மறைசாட்சியின் சாவைக் காட்டும் மிகப் பழைய சிற்பங்களில் ஒன்று. குவெர்ச்சீனோவின் 7 மீட்டர் நாடகத்துக்குப் பிறகு இந்தச் சாண் அளவு கல்லைப் பார்ப்பது வேறு மாதிரி இருந்தது. அழுகிற கூட்டமில்லை, மேகமில்லை. இரண்டே ஆட்கள், ஒரு வாள், ஒரு பெயர்.

இந்தக் கோவிலின் வளைந்த பின்சுவருக்கு அப்பால் ஒரு சிறு அறை. அதில் 4ஆம் நூற்றாண்டுச் சுவரோவியம் இருக்கிறது. வெனராந்தா என்ற இறந்துபோன பெண்மணி கைகளை விரித்து நிற்கிறாள். பக்கத்தில் இன்னொரு பெண் அவளை விண்ணகத்துக்கு அழைத்துப் போகிறாள். அருகில் எழுத்து: பெத்ரோனெல்லா, மறைசாட்சி. காலடியில் ஏட்டுச்சுருள்கள் நிறைந்த பெட்டி. இன்றைய வழியில் அந்த அறை இல்லை என்று வழிகாட்டி கைகாட்டிவிட்டு நகர்ந்தார். இதற்காகவே வந்தவளுக்கு எப்படி இருக்கும்! கெஞ்சிப் பார்த்தேன், சிரித்தார், அவ்வளவுதான். வாசல் கடையில் அந்த ஓவியத்தின் அட்டை வாங்கிக்கொண்டேன்.

அட்டையில் பார்த்தாலும் போதுமான அதிர்ச்சி இருக்கிறது. படுக்கையில் கிடந்த பெண் இல்லை இவள். அப்பா சொன்னதற்கு எழுந்து அப்பா சொன்னதற்குப் படுத்தவளும் இல்லை. நிமிர்ந்து நிற்கிறாள், இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு போகிறாள், பக்கத்தில் ஏடுகள். மறைசாட்சி என்று எழுதியிருக்கிறார்கள், உபவாசமிருந்து செத்தவளை அப்படி எழுத மாட்டார்கள்.

பேதுருவின் மகள் என்ற பேச்சு பிற்பாடு ஒட்டிக்கொண்டது. 757இல் இங்கிருந்து எடுத்துப்போன கல்பேழையில் "அவுரேலியா பெத்ரோனில்லா, மிக இனிய மகள்" என்று பொறித்திருந்தது. ரோமானியக் குடும்பத்துப் பெண், அவளைப் பெற்றவர்கள் எழுதியது. தொமித்தில்லாவின் குலத்திலேயே பெத்ரோ என்றொரு முன்னோர் உண்டு, பேரரசர் வெஸ்பாசியனின் தாத்தா. பெயரும் "மகள்" என்ற சொல்லும் சேர்ந்துகொள்ள, பெத்ரோனில்லா பேதுருவின் மகளாகிவிட்டாள். பேதுருவுக்கு உடல் முடங்கிய ஒரு மகள் இருந்ததாக எகிப்தின் காப்டிக் மொழியில் ஒரு பழைய கதை ஏற்கெனவே இருந்தது. அந்த மகளுக்கு அதில் பெயர் இல்லை. பெயரில்லாத மகளும் அப்பா இல்லாத பெயரும் ஒன்றாகக் கலந்தால் என்ன ஆகும் என்று திங்கட்கிழமைப் பதிவில் பார்த்தீர்கள்.

அவள் கிடந்த இடம் இன்று காலி. தம்பியின் கேள்விக்கு இங்கே வேறொரு பதில் தோன்றியது. அவளை இங்கிருந்து தூக்கினார்கள், வட்டச் சிற்றாலயத்தில் இறக்கினார்கள். மறுபடி தூக்கினார்கள், 1606இல் பீடத்துக்குள் இறக்கினார்கள். படம் வரைந்த நாளில் கடைசி இறக்கம் நடந்து 20 ஆண்டுகூட ஆகவில்லை, பார்த்தவர்கள் உயிரோடு இருந்திருப்பார்கள். கதே பார்த்ததும் தவறில்லை, தலைப்பும் தவறில்லை என்றேன். "ரெண்டு பக்கமும் பேசாத அக்கா" என்றான்.

வெள்ளி: போலோஞ்ஞா

அதிவேக ரயில், இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். சிவப்புச் செங்கல் ஊர், மழை வந்தாலும் நனையாமல் நடக்க முடிகிற தூண் தாழ்வாரங்கள். குவெர்ச்சீனோ 1666இல் இறந்து சான் சால்வத்தோரே கோவிலில் அடக்கமாகியிருக்கிறார். நாங்கள் போனபோது பூட்டியிருந்தது. சாப்பாடு நன்றாக இருந்தது.

சனி: சென்ட்டோ

போலோஞ்ஞாவிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரம். தட்டையான நிலம், இருபுறமும் வயல். இந்தச் சிற்றூரில்தான் 1591இல் ஜொவான்னி பிரான்செஸ்கோ பார்பியெரி பிறந்தார். சின்ன வயதிலேயே ஒரு கண் ஒன்றரைக் கண்ணாகிவிட்டது. தூங்கும் குழந்தை பெருஞ்சத்தத்தில் திடுக்கிட்டு விழித்ததால் வந்தது என்று ஊரில் கதை. குவெர்ச்சீனோ என்பது அந்தக் கண்ணுக்காக ஊர் வைத்த பட்டப்பெயர்தான். அந்தப் பெயரிலேயே சதுக்கம், அந்தப் பெயரிலேயே சிலை, அந்தப் பெயரிலேயே கலைக்கூடம். பட்டப்பெயரை இவ்வளவு பெருமையாகக் கொண்டாடும் ஊரை நான் வேறு பார்த்ததில்லை.

2012 மே மாத நிலநடுக்கம் இந்த ஊரை உலுக்கிவிட்டது. கலைக்கூடம் பதினோரு ஆண்டுகள் மூடிக் கிடந்து 2023 நவம்பரில்தான் திறந்தது. தம்பி ஓவியங்களை விட்டுவிட்டுச் சுவர்களில் எங்கெங்கே வலுவூட்டியிருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டிருந்தான்.

இங்கே போலோஞ்ஞா ஓவியர் லுதோவீக்கோ கராச்சியின் பீட ஓவியம் ஒன்று இருக்கிறது. ஆண்டு 1591, குவெர்ச்சீனோ பிறந்த அதே ஆண்டு. ஊரில் கப்புச்சின் துறவிகளின் கோவிலில் இருந்த இந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் பையன் வரையக் கற்றான். பெரிய குரு யாரும் கிடையாது. பெத்ரோனில்லாவின் வெளிச்சமும் நிழலும் எங்கிருந்து வந்தன என்று கேட்பவர்கள் ரோமில் காரவாஜ்ஜோவைக் காட்டுவார்கள். எனக்கு இனி அந்தச் சந்தேகமில்லை. சென்ட்டோவை விட்டுக் கிளம்பும்போதே அவர் கையில் அது இருந்தது.

1623இல் திருத்தந்தை இறந்தார், குவெர்ச்சீனோ ரோமில் தங்கவில்லை. இந்த ஊருக்கே திரும்பி வந்து 1642 வரை இருந்தார். வந்தபின் வரைந்ததில் ஒன்று, உயிர்த்தெழுந்த கிறிஸ்து தன் தாய்க்குத் தோன்றுவது. அதுவும் இங்கே இருக்கிறது. ரோமுக்குப் போகும் வழியில் கதே சென்ட்டோவில் இறங்கி மனம் நெகிழ்ந்து பாராட்டிய படம் இதுதான். நின்று பார்த்தேன். இதில் ஊர்க்கூட்டம் இல்லை, அம்மாவும் மகனும் மட்டும். துணி மடிப்புகள் அமைதியாகிவிட்டன, நிழல்கள் தெளிந்துவிட்டன. அழகான படம்தான். ஆனாலும் எனக்குப் பெத்ரோனில்லாவின் புழுக்கமும் இருட்டும்தான் பிடிக்கிறது. அந்த முரட்டுத்தனம் ரோமுக்குப் பிறகு அவரிடம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போகிறது.

1629 முதல் இவருடைய வீட்டுக் கணக்குப் புத்தகம் கிடைக்கிறது. எழுதியவர் தம்பி பாவ்லோ அந்தோனியோ, அவரும் ஓவியர். விலை வைத்தது அளவுக்கு இல்லை, தலைக்கு: முழு உருவம் 100 துக்காத்தோனி (அந்தக் காலக் காசு), பாதி உருவம் 50, தலை மட்டும் என்றால் 25. பேரம் பேச இடமே கொடுக்காத கணக்கு.

பேருந்து நிறுத்தத்தில் என் தம்பி, பெத்ரோனில்லா இந்தக் கணக்குப் புத்தகத்துக்கு முந்தையது என்று நான் சொல்லியும் கேட்காமல், கைபேசியில் இருந்த படத்தைப் பெரிதாக்கி எண்ண ஆரம்பித்தான். கிறிஸ்து முழுசு, மேலே பெத்ரோனில்லா முழுசு, கீழே பெத்ரோனில்லா இன்னொரு முழுசு, ஒரே பெண்ணுக்கு இரண்டு தடவை பணம். பிளாக்குஸ், பையன், பின்னால் எட்டிப் பார்க்கும் தலைகளெல்லாம் இருபத்தைந்து. அடிவிளிம்புக்கு வந்து நின்றுவிட்டான்.

"அக்கா, இந்தக் கைக்கு?"

"கணக்குல கைக்கு விலையே இல்லைடா."

"அப்ப குழிக்குள்ள நிக்கிறவன் ஓசியா?"

அதற்குள் பேருந்து வந்துவிட்டது.